மணிக்கணக்கில் அளக்கப்படும் குரல்

டென்மார்க்கில் இலாபநோக்கற்ற உள்ளூர் வானொலி நடத்த ஒரு சங்கமும், உரிமமும், வாராவாரம் வந்துபோகும் தன்னார்வலர்களும் போதும். அரசு மானியமும் கிடைக்கும். ஆனால் அந்த மானியக் கணக்கில், வாரத்துக்கு எத்தனை மணிநேரம் ஒலிபரப்புகிறார்கள் என்பதே பெரிதாக எண்ணப்படுகிறது. இந்த ஏற்பாட்டின் சுதந்திரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் அளவுகோல்தான் பிழை.

சுதந்திரம் அங்கே எளிதில் வந்துவிடவில்லை. 1925 முதல் அரசு வானொலிக்கே ஏகபோகம். 1958இல் ஓரசுண்ட் நீரிணையில் ஒரு கப்பலிலிருந்து ரேடியோ மெர்க்குர் அந்த ஏகபோகத்தை மீறி ஒலித்தது. 1962இல் தடைச்சட்டம் அதை நிறுத்தியது. அடுத்த சனவரியில் அரசு வானொலியே பி3 என்ற இசை அலைவரிசையைத் தொடங்கியது. இசைக்கான பசி அதனால் தீர்ந்தது. ஊர் மக்கள் தாமே பேசுவதற்கு இன்னும் இருபது ஆண்டு ஆனது: 1983இல் பரீட்சார்த்தமாக அனுமதி, 1986இல் நிரந்தரச் சட்டம்.

அந்தச் சட்டம் கொடுத்ததன் அருமையைத் தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் உணரலாம். இந்தியாவின் முதல் சமூக வானொலி 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பின்னர் பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை வந்தது. காற்றின் வேகமும் கடலின் நிலையும் மீனவருக்கு அதில் கிடைக்கும். ஆனால் இந்தியச் சமூக வானொலி தானே செய்தி தயாரித்து வாசிக்க விதியில் இடமில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். தன் ஊர் மீனவர் கைதானால் அதைத் தன் செய்தியாகச் சொல்ல முடியாத வானொலி, பாதி வாய் கட்டப்பட்ட வானொலி. டென்மார்க்கில் நகரசபையின் முடிவை மறுநாளே கலையகத்தில் கிழித்தெடுக்கலாம்.

அதே திறந்த கதவு வழியாக வெறுப்பும் நுழைந்தது. 1990களில் கோபன்ஹேகனுக்குத் தெற்கே கிரேவ ஊரில் நாஜிகள் நடத்திய ரேடியோ ஓஸன், பொதுப்பணத்தில் மானியமும் பெற்று நாட்டையே கொதிக்க வைத்தது. 2005இல் ரேடியோ ஹோல்கர் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறையைத் தூண்டிப் பேசியதும் அதன் உரிமம் மூன்று மாதம் பறிக்கப்பட்டது. முன்தணிக்கை செய்யாமல், பேசியதற்குப் பின் தண்டித்தது சரியே. ஆனால் பேச அனுமதிப்பதும், பேசுவதற்குப் பணம் கொடுப்பதும் ஒன்றாகிவிடக் கூடாது. மணிக்கணக்கையே பெரிதாகப் பார்க்கும் மானியம் இந்த இரண்டையும் பிரித்தறியாது. பாட்டுப் பட்டியலை ஓடவிட்டு நிரப்பிய மணியும், முதியோர் இல்லத்தில் ஒலிப்பதிவு செய்து தொகுத்த மணியும் அதற்குச் சமம்தான்.

விளம்பர வழியும் விடையாகவில்லை. 1988இல் விளம்பரம் அனுமதிக்கப்பட்டதும் செழித்த நிலையங்கள் காலப்போக்கில் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போயின. வைலேயின் விஎல்ஆர், விபோர்க் எஃப்எம் ஆகிய இரண்டுமே இன்று ஒரே ஊடகக் குழுமத்தின் உடைமை.

வேறு அளவுகோல் உண்டா? உண்டு; அதற்குப் பணம் கொடுத்ததும் டென்மார்க்தான். 1980களில் டென்மார்க்கின் வளர்ச்சி உதவி அமைப்பான டனிடாவின் உதவியோடும் யுனெஸ்கோ துணையோடும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் மகாவலிச் சமூக வானொலி இயங்கியது. தயாரிப்பாளர்கள் கிராமங்களுக்குப் போய்த் தங்கி, அங்குள்ளோர் பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்தார்கள். அந்த வழியில் 1989இல் தொடங்கிய கொத்மலை நிலையம், 1990களின் இறுதியில் நேயர் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் பதில் தேடி வானொலியில் சொன்னது. கணினி பார்த்திராத மலைநாட்டு மனிதர் தன் கேள்விக்கு விடை பெற்றார். நிகழ்ச்சி மக்களிடமிருந்து புறப்பட வேண்டும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டியவர்கள் குறைவு. ஆனால் அது அரசின் வானொலி. மகாவலிக் குடியேற்றங்கள் குறித்துத் தமிழர் எழுப்பிய நிலக் கேள்விகளை அது விசாரிக்கும் நிலையில் இருக்கவில்லை. கொத்மலையின் செயல்முறையும் டென்மார்க்கின் சுதந்திரமும் ஒரே நிலையத்தில் சேர வேண்டும் என்பதே என் ஆசை.

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் வாழும் தமிழருக்கு இது வெறும் கொள்கைப் பேச்சாகாது. 1980களில் அகதிகளாக வந்தவர்கள் ஹேர்னிங், பிராண்டே போன்ற ஊர்களில் வேரூன்றினார்கள். 1981 முதல், டென்மார்க்கில் குடியுரிமை இல்லாதவரும் சில ஆண்டுகள் வசித்திருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆக, டேனிய மொழி சரளமாகாத அம்மா, அப்பாவுக்கும் வாக்கு உண்டு. எதற்காக வாக்களிக்கிறோம் என்று சொல்ல அவர்கள் மொழியில் யாராவது வேண்டும். 1997இல் லண்டனில் தொடங்கிய தமிழ் வானொலி நல்ல தமிழைத் தரலாம், ஹேர்னிங் நகரசபை எந்த முதியோர் இல்லத்தை மூடப்போகிறது என்று சொல்லாது. 2007இல் 271 நகரசபைகள் 98 ஆகச் சேர்க்கப்பட்ட பிறகு முடிவெடுக்கும் இடம் பலருக்கு இன்னும் தொலைவாகிவிட்டது. அந்தத் தூரத்தைக் குறைக்க வாரத்தில் ஒரு மணிநேரத் தமிழ் நிகழ்ச்சி போதும், அதை நடத்துபவர் நகரசபைக் கூட்டத்துக்கும் போவார் என்றால்.

ஆகவே உரிமம் வழங்குவோர் அதைப் புதுப்பிக்கும்போது நிலையங்களிடம் மணிநேரத்தோடு வேறு மூன்றையும் கேட்கட்டும். கலையகத்துக்கு வெளியே பதிவானது எவ்வளவு? நேயர் கேட்டு விசாரிக்கப்பட்டவை எவை? முப்பது வயதுக்குட்பட்ட எத்தனை பேர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்கள்? மூன்றாவது கேள்வியைத்தான் தமிழ் நிகழ்ச்சி நடத்துவோர் முதலில் தமக்குத் தாமே கேட்க வேண்டும். தொடங்கியவர்களின் தலை நரைத்துவிட்டது, டேனிய மொழியில் சிந்திக்கும் பிள்ளைகளுக்கு ஒலிவாங்கியின் முன்னுள்ள நாற்காலியில் இன்னும் இடம் விடப்படவில்லை.