மறுபடி வளர்ந்த பிடரி

பள்ளி நாட்களில் பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடையொன்றில் சி.எஸ். லூயிஸின் முதல் நார்னியா நாவலை வாங்கினேன். 1950இல் வெளியான கதை. எட்மண்ட் என்ற சிறுவன் துரோகம் செய்கிறான். அவனுக்குப் பதிலாக அஸ்லான் என்ற சிங்கம் சூனியக்காரியிடம் தன்னை ஒப்புக்கொடுக்கிறது. பிடரியை மழித்து, வாயைக் கட்டி, கல்மேடையில் வைத்துக் கொல்கிறார்கள். விடியும்போது மேடை இரண்டாகப் பிளக்கிறது, சிங்கம் உயிரோடு நிற்கிறது. எனக்கு அது நரசிம்மர்தான். தூணைப் பிளந்து வந்தவர் இங்கே கல்லைப் பிளந்து வருகிறார், வேற என்ன வேணும்?

பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த கத்தோலிக்க நண்பன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், அது இயேசு லா!"

திரும்பப் படித்தேன். இரவெல்லாம் சிங்கத்தின் உடலருகே அழும் இரண்டு சிறுமிகள், கல்லறைக்குப் போன பெண்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திய பிறகு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை, விடை தெரிந்த விடுகதை மாதிரி. நார்னியா போன்ற உலகில் கிறிஸ்து வந்தால் எப்படி வருவார் என்ற கற்பனைதான் இது, உருவகக் கதை அல்ல என்பது லூயிஸின் வாதம். அதை ஏற்றுக்கொள்கிறேன். என் சிக்கல் வேறு. எழுந்து வரும் அஸ்லானுக்குப் பிடரி மறுபடி வளர்ந்துவிடுகிறது, ஒரு தழும்புகூட இல்லை. ஆனால் யோவான் நற்செய்தியில் உயிர்த்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்பு அப்படியே இருக்கிறது. தோமா நம்புவதே அதைப் பார்த்துத்தான்.

லூயிஸின் நண்பர் டோல்கீனும் கிறிஸ்தவர்தான். மோதிரம் அழியும் நாளை மார்ச் 25 என்று வைத்தார். கிறிஸ்து சிலுவையில் இறந்த நாளாகப் பழைய மரபு சொல்லும் தேதி அது. ஆனால் மோதிரத்தைச் சுமந்த ஃபுரோடோ கடைசி நொடியில் தோற்றுப்போகிறான், அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. ஊர் பிழைக்கிறது, அவன் காயம் ஆறவில்லை. குத்துப்பட்ட தேதி வந்தால் வலிக்கிறது. கடைசியில் ஊரைவிட்டே கப்பலேறுகிறான்.

சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் அரவான் தலையைப் பார்த்தபோது ஃபுரோடோதான் ஞாபகத்துக்கு வந்தான். பாண்டவர் ஜெயிக்கக் களப்பலியானவன் அரவான். அவன் உயிர்த்தெழுவதில்லை. பதினெட்டு நாள் போரை வெட்டுண்ட தலையாகப் பார்க்கும் வரம் மட்டும்தான் கிடைக்கிறது. அவன் கிறிஸ்து இல்லை, இரண்டையும் ஒன்றாக்கவும் நான் வரவில்லை. ஆனால் அந்தத் திறந்த கண்களுக்கு முன்னால் வெற்றியைச் சும்மா கொண்டாடிவிட முடியாது.

மிகுபுனைவு எழுதும் நண்பர்கள் கதைகளைப் படிக்கத் தருகிறார்கள். பெரும்பாலும் நாயகன் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் சாகிறான், அடுத்ததில் ஒளியோடு எழுகிறான். குறியீடு சரியாக வந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். வந்திருக்கிறது. நான் தேடுவது தழும்பை.