படமும் பாடமும்

பள்ளியிற் படங் காட்டுதல் எளிது. அதனைப் பாடமாக்குதல் அரிது. பருவநிலை மாற்றத்தை அல் கோர் விளக்கும் 'அன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' (2006) இதற்குச் சான்று. கரியமில வாயுவின் ஏற்றத்தை வரைகோட்டாற் காட்டும் பகுதி சிறப்புடையது. ஆயினும், கடல்மட்டம் 20 அடி உயர்ந்து நகரங்கள் மூழ்கும் காட்சி, அது விரைவில் நேருமென எண்ணச் செய்கிறது.

இங்கிலாந்துப் பள்ளிகளில் இப்படத்தைக் காட்டுவதை எதிர்த்து 2007-இல் வழக்கெழுந்தது. அவ்வுயர்வு ஆயிரக்கணக்கான ஆண்டுகளிலேயே நேரக்கூடியது என்றார் உயர்நீதிமன்ற நீதிபதி. இவ்வாறு 9 இடங்களைச் சுட்டினார். எனினும், படம் பெரும்பாலும் சரியானதே என்று கூறி, ஆசிரியர்க்கான விளக்கக் குறிப்புகளுடன் காட்ட இசைந்தார்.

தக்க தீர்ப்பே. மிகையைக் கண்டுகொண்ட மாணவன் மெய்யையும் ஐயுறுவான். ஆதலின், படத்திற்குப்பின் ஆசிரியர் ஆற்றும் உரையும் மாணவர் தொடுக்கும் வினாக்களும் இன்றியமையாதன. அவை இல்லாவிடில், பள்ளி மண்டபமும் கொட்டகையே.