இருக்கைக்கே வந்துசேரும் திருவிருந்து

நான்சி ஈஸ்லண்ட் எழுதிய ‘தி டிசேபிள்ட் காட்’ (1994) புத்தகத்தில் ரொம்ப சாதாரணமான ஒரு விஷயம் வரும். திருவிருந்து நேரத்தில் சபை மொத்தமும் எழுந்து பீடத்துக்குப் போகும். வீல்சேரில் இருப்பவரிடம் மட்டும் ஒருவர் வந்து, நீங்கள் சிரமப்பட வேண்டாம், இங்கேயே தருகிறோம் என்பார். எல்லோரும் வாங்கி முடித்த பிறகு அப்பமும் ரசமும் இருக்கைக்கு வரும். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் ‘நாம் எல்லோரும் ஒரே உடல்’ என்று சொல்வதற்காகவே ஏற்பட்ட சடங்கு, ஓர் உடலை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அக்ஸசிபிலிட்டி டிக்கெட் எப்போதும் கடைசி ஸ்பிரிண்டுக்குத்தான் போகும். டிசைனை முடித்துவிட்டு, அதில் நுழைய முடியாதவர்களுக்காக ஓரமாக ஒரு வழி வெட்டுவோம். டிசைனே தப்பு என்று யாரும் சொல்வதில்லை. ஈஸ்லண்ட் அதைத்தான் சொல்கிறார்.

1964இல் பிறந்து 2009இல் மறைந்த ஈஸ்லண்டுக்குப் பிறவியிலேயே எலும்புக் குறைபாடு. சிறுவயதிலேயே பல அறுவை சிகிச்சைகள். பிறகு எமரி பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளியில் ஆசிரியரானார். ஊனமுற்றவர்களைத் திருச்சபை மூன்று விதமாகப் படித்திருக்கிறது என்கிறார். ஒன்று, ஊனம் பாவத்தின் விளைவு. இரண்டு, ஊனம் புண்ணியமான பாடு, பொறுத்துக்கொண்டால் பரிசு உண்டு. மூன்று, ஊனமுற்றவர் தர்மம் வாங்கவேண்டியவர். மூன்றுமே அவரைப் பற்றிப் பேசுகின்றன, அவரோடு பேசுவதில்லை.

முதல் வாதத்துக்கு யோவான் 9ஆம் அதிகாரத்திலேயே பதில் இருக்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்க, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு மறுத்துவிடுகிறார். பிரசங்கங்களில் அற்புதம் மட்டும் மிஞ்சுகிறது, இந்த மறுப்பு காணாமல் போகிறது. அந்த மனிதன் பரிசேயர்களிடம் பயமில்லாமல் வாதாடி வெளியே தள்ளப்படுவதும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. நாம் கேட்கும் பிரசங்கங்களில் அவன் கண் திறக்கிறது, வாய் திறப்பதே இல்லை.

ஈஸ்லண்டின் மையமான வாதம் உயிர்த்தெழுதலைப் பற்றியது. உயிர்த்தெழுந்த கிறிஸ்து சீடர்களுக்குத் தன் கைகளையும் கால்களையும் காட்டுகிறார். காயங்கள் அப்படியே இருக்கின்றன. மரணத்தையே ஜெயித்த உடல் ‘சரிசெய்யப்பட்ட’ உடலாக வரவில்லை. அப்படியென்றால் முழுமை என்பதும் குறையில்லாமை என்பதும் ஒன்றல்ல. தோமா பெயரில் ஒரு மலையையே வைத்திருக்கும் ஊர் சென்னை. அந்தத் தோமாவுக்கு அடையாளமாகக் கிடைத்ததும் காயம்தான். சந்தேகப்பட்டவர் என்று அவரைத் திட்டும் அவசரத்தில் இதைத் தவறவிட்டுவிடுகிறோம்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டிய புத்தகம் ஹென்றி நவ்வெனின் ‘ஆடம்: காட்ஸ் பிலவட்’ (1997). ஹார்வர்டில் கற்பித்த கத்தோலிக்கப் பாதிரியார் நவ்வென், 1986இல் கனடாவில் டொரொண்டோவுக்கு அருகே இருக்கும் லார்ஷ் டேபிரேக் சமூகத்துக்குப் போய்ச் சேர்கிறார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் உதவியாளர்களும் சேர்ந்து வாழும் இடம் அது. அங்கே ஆடம் என்ற இளைஞரைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பிட வைப்பது அவர் வேலை. ஆடம் பேசமாட்டார், வலிப்பு வரும். புத்தகத்தில் உயிருள்ள பகுதிகள் இவைதான்: ஷேவிங், பல் தேய்ப்பது, ஸ்பூனைப் பிடித்துக்கொள்வது. புகழ்பெற்ற எழுத்தாளருக்கு அங்கே புகழால் பிரயோஜனம் இல்லை, கைப்பழக்கம்தான் வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், நவ்வென் மெல்ல மெல்ல ஆடமின் வாழ்க்கையை இயேசுவின் வாழ்க்கை மாதிரியே அடுக்க ஆரம்பிக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடம் என்ன விரும்பினார், எதற்கு எரிச்சல்பட்டார் என்பதெல்லாம் பின்னால் போய்விடுகிறது. ஈஸ்லண்ட் எச்சரித்த இரண்டாவது வாசிப்பு, அன்பின் உடையில் திரும்பி வருகிறது. ஆடம் நவ்வெனுக்குக் குரு, சரி. குருவாக இருக்க அவர் சம்மதித்தாரா?

புனிதர் கதைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. லார்ஷை 1964இல் தொடங்கிய ழான் வானியேவை உயிரோடு இருக்கும்போதே புனிதராகப் பார்த்தவர்கள் ஏராளம். அவர் இறந்த மறு வருடம், 2020இல், லார்ஷ் அமைப்பே வெளியிட்ட விசாரணை முடிவுகள் அவர் பல பெண்களைப் பாலியல்ரீதியாகச் சுரண்டியதைச் சொல்லின. பராமரிப்பவருக்கு ஒளிவட்டம் மாட்டிவிட்டால் அவரை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அதற்காக நவ்வெனைத் தூக்கிப் போட முடியாது. ஈஸ்லண்டின் புத்தகத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. அவர் எடுத்துக்கொள்வது உடல்சார் ஊனத்தை. அவருடைய மனிதர்கள் பேசுகிறார்கள், அமைப்பாகச் சேர்கிறார்கள், உரிமை கேட்கிறார்கள். பேசவே முடியாத ஆடமுக்கு அந்த இறையியலில் எங்கே இடம்? நவ்வெனின் குளியலறைப் பக்கங்கள்தான் அதற்குப் பதில் சொல்ல முயல்கின்றன.

நம் பக்கம் வந்தால், பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மிஷனரிகள் பள்ளி தொடங்கிவிட்டார்கள். அது பெரிய காரியம், எத்தனையோ பேருக்கு வாழ்க்கை கொடுத்தது. ஆனால் பள்ளி கட்டுவதும் பீடத்தில் இடம் கொடுப்பதும் வேறு வேறு. மாற்றுத்திறனாளி ஞாயிறு என்று ஒரு நாள் வைத்து, அன்றைக்கும் பிரசங்கத்தை இன்னொருவரே செய்தால், ஈஸ்லண்டின் மூன்றாவது வாசிப்புக்கு நாம் பேனர் அடித்ததாகத்தான் அர்த்தம்.

இரண்டையும் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஈஸ்லண்டை முதலில் படியுங்கள், நவ்வெனை அப்புறம். வரிசையை மாற்றினால் நவ்வென் உங்களை அழ வைத்துவிடுவார். அழுது முடித்ததும், செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாகவே தோன்றும்.