உள்ளதும் நல்லதும்: கிரேக்கத் தத்துவப் பள்ளிகள்

தமிழர்களில் பலருக்கு சாக்ரடீஸ் அறிமுகமானது மேடையிலும் திரையிலும்தான். 1956-இல் வெளிவந்த 'ராஜா ராணி' படத்துக்காகக் கலைஞர் எழுதிய ஓரங்க நாடகத்தில் சிவாஜி கணேசன் சாக்ரடீஸாக நடித்தார். பள்ளி ஆண்டு விழாக்களில் மாணவர்கள் அதை எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் அவர் எப்படி இறந்தார் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். எழுபது வயது வரை ஏதென்ஸ் தெருக்களில் எதைக் கேட்டுக்கொண்டு திரிந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது.

அவருக்கு முன்னும் பின்னுமாக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்ட மரபு அது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் தொடங்கி, கி.பி. 529 வரை ஏதென்ஸில் நிலைத்திருந்தது. அதில் தோன்றிய பள்ளிகள் ஓயாமல் ஒன்றையொன்று மறுத்தன. ஆனாலும் உண்மையில் உள்ளது எது என்ற கேள்வியையும், எப்படி வாழ்வது நல்லது என்ற கேள்வியையும் அநேகமாக எந்தப் பள்ளியும் பிரித்துப் பார்க்கவில்லை. முதல் கேள்விக்குச் சொல்லும் பதிலின் மேல்தான் இரண்டாவதன் பதில் நிற்கும் என்றே நினைத்தார்கள். இன்று எபிகூரஸிடமிருந்து இன்பத்தை மட்டும், ஸ்டோயிக்குகளிடமிருந்து மன உறுதியை மட்டும் கிள்ளியெடுத்துத் தன்னம்பிக்கை நூல்கள் எழுதப்படுகின்றன. வேரை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் நீட்டும் இந்த வழக்கம் அந்த ஆசிரியர்களுக்குச் செய்யும் அநீதி என்பது என் கருத்து.

மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ் எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்றார். அவர் முன்கூட்டியே சொன்னதாக ஹெரோடோட்டஸ் குறிப்பிடும் சூரிய கிரகணம் கி.மு. 585-இல் நிகழ்ந்தது என்பது வானியலாளர் கணக்கு. நீர் என்ற பதில் அடுத்த தலைமுறைக்குக்கூடத் தாங்கவில்லை. அதே ஊர்க்காரரான அனாக்ஸிமாண்டர், மூலம் என்பது எல்லையற்றது, இன்ன பொருள் என்று சுட்ட முடியாதது என்றார். நீரே எல்லாவற்றுக்கும் மூலமாக இருந்தால் அதற்குப் பகையான நெருப்பு எப்போதோ அழிந்திருக்க வேண்டுமல்லவா என்ற தர்க்கம் அதன் பின்னால் இருந்தது. மூத்தவர் சொன்னதை இளையவர் காரணம் காட்டி மறுத்தார். இருவர் சொன்னதையும் அந்த மரபு மதித்துக் காப்பாற்றி வைத்தது. அனாக்ஸிமாண்டர் எழுதியதில் நமக்குக் கிடைத்திருப்பது அநேகமாக ஒரே வாக்கியம். பொருள்கள் ஒன்றுக்கொன்று இழைத்த அநீதிக்குக் காலத்தின் ஒழுங்குப்படி ஈடு கொடுக்கின்றன என்பது அதன் கருத்து. கோடையும் குளிரும் மாறி மாறி வருவதை நீதிமன்றத்தின் மொழியில் சொல்லியிருக்கிறார்! உள்ளதும் நல்லதும் அந்த முதல் வாக்கியத்திலேயே பிணைந்து கிடக்கின்றன.

பிறகு இரண்டு பெரிய குரல்கள். எபேசஸின் ஹெராக்ளிட்டஸ், எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது, அந்த மாற்றத்துக்குள் ஓர் ஒழுங்கு ஓடுகிறது என்றார். தென் இத்தாலியின் எலியாவைச் சேர்ந்த பார்மனிடீஸ், உள்ளது உள்ளதுதான், இல்லாததிலிருந்து எதுவும் வர முடியாது, ஆகவே மாற்றம் என்பதே தோற்றம் என்று அடித்துச் சொன்னார். இதற்குப் பின் வந்த எவராலும் பார்மனிடீஸைத் தாண்டாமல் ஓர் அடி வைக்க முடியவில்லை. நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கு வேர்கள் அழியாதவை, அவற்றின் சேர்க்கையும் பிரிவுமே மாற்றம் என்று எம்பெடாக்ளிஸ் ஒரு வழி கண்டார். அழியாத அணுக்களும் வெற்றிடமும்தான் உண்மை என்று லூசிப்பஸும் டெமாக்ரிட்டஸும் இன்னொரு வழி கண்டார்கள்.

ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் பேச்சுக்கு விலை இருந்தது. நீதிமன்றத்திலும் மக்கள் அவையிலும் வென்றவனே தலைவன். அந்தத் திறமையைக் கூலி வாங்கிக் கற்பித்தவர்கள் சோஃபிஸ்டுகள். எல்லாவற்றுக்கும் மனிதனே அளவுகோல் என்றார் புரோட்டகோரஸ். இவர்களை வெறும் சொல்வித்தைக்காரர்கள் என்று ஒதுக்குவது சரியல்ல. நீதி என்பது இயற்கையில் உள்ளதா, மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடா என்ற கேள்வியை ஊரறியக் கிளப்பியவர்கள் அவர்கள். அந்தக் கேள்வி இல்லாமல் சாக்ரடீஸ் இல்லை.

சாக்ரடீஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் வேலை செய்த விதத்தைப் பார்க்க அவருடைய மாணவர் பிளேட்டோவின் 'லாக்கீஸ்' உரையாடல் நல்ல இடம். லாக்கீஸ், நிக்கியாஸ் என்ற இரண்டு தளபதிகளிடம் அவர் வீரம் என்றால் என்ன என்று கேட்கிறார். அணியில் தன் இடத்தை விட்டு ஓடாமல் நின்று போரிடுவது என்கிறார் லாக்கீஸ். சிதியர்கள் பின்வாங்கிக்கொண்டே போரிடுகிறார்களே என்கிறார் சாக்ரடீஸ். அது குதிரைப்படைக்குச் சரி, காலாட்படை அப்படியல்ல என்கிறார் தளபதி. ஆனால் பிளாட்டேயா போரில் ஸ்பார்டாவின் காலாட்படையே முதலில் பின்வாங்கி, பாரசீகரின் அணி கலைந்ததும் திரும்பி நின்று வென்றதே! அப்படியானால் வீரம் என்பது மனத்தின் தாங்குதிறன் என்று திருத்திக்கொள்கிறார் லாக்கீஸ். அறிவில்லாத தாங்குதிறனும் வீரமா என்று அடுத்த கேள்வி வருகிறது. நிக்கியாஸ் குறுக்கிட்டு, எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்ற அறிவே வீரம் என்கிறார். அதுவும் நிற்கவில்லை. முடிவு இல்லாமலே எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள்.

இதைப் படித்த ஏதென்ஸ்காரர்களுக்கு அந்தத் தளபதிகளின் கதை தெரியும். கி.மு. 413-இல் சிராக்யூஸ் முற்றுகையிலிருந்து படையைக் கப்பலேற்ற வேண்டிய நேரத்தில் சந்திர கிரகணம் வந்தது. குறி சொல்பவர்களின் பேச்சைக் கேட்டுப் புறப்பாட்டைத் தள்ளிவைத்த தளபதி இதே நிக்கியாஸ்தான். படை அழிந்தது, அவரும் கொல்லப்பட்டார். எதற்கு அஞ்ச வேண்டும் என்ற அறிவே வீரம் என்ற வாக்கியத்தை பிளேட்டோ அவர் வாயில் வைத்திருப்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. லாக்கீஸோ வேறொன்று சொல்கிறார்: பேச்சும் செயலும் ஒத்திசையும் மனிதனின் பேச்சைத்தான் கேட்கப் பிடிக்கும். கி.மு. 424-இல் டீலியம் தோல்விக்குப் பின் சாக்ரடீஸ் தன்னோடு நிதானமாகப் பின்வாங்கி வந்ததைக் கண்டவர் அவர். வீரம் என்னவென்று சாக்ரடீஸால் வரையறுக்க முடியவில்லை, ஆனால் அது அவரிடம் இருந்தது.

இந்த மரபின் இரண்டு அளவுகோல்கள் இங்கே தெளிவாகின்றன. சொன்னதற்குக் காரணம் காட்ட வேண்டும். சொன்னபடி நிற்க வேண்டும். கி.மு. 406-இல் கடற்போர்த் தளபதிகளைச் சட்டத்துக்கு மாறாக ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க மக்கள் அவை துடித்தபோது, அவையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ் மறுத்து நின்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முப்பது கொடுங்கோலர்கள், சலாமிஸிலிருந்து லியோன் என்பவரைக் கொலைக்காகப் பிடித்து வருமாறு ஐந்து பேருக்கு உத்தரவிட்டார்கள். நால்வர் போனார்கள். சாக்ரடீஸ் தன் வீட்டுக்குப் போனார். ஜனநாயகத்தின் முன்னும் சர்வாதிகாரத்தின் முன்னும் ஒரே மனிதராக இருந்தவரை கி.மு. 399-இல் கொன்றார்கள்.

பிளேட்டோவுக்கு அந்தச் சாவு கடைசி வரை ஆறாத புண். எத்தனையோ வீரச் செயல்கள் இருக்க, அவை அனைத்தையும் வீரமாக்கும் ஒன்று எங்கே இருக்கிறது? கண்ணால் காணும் மாறும் உலகத்தில் அது இல்லை. அறிவால் மட்டும் எட்டக்கூடிய மாறாத வடிவங்களின் உலகம் ஒன்று உண்டு, அவற்றின் உச்சியில் நன்மை என்னும் வடிவம் இருக்கிறது என்று அவர் விடை சொன்னார். 'குடியரசு' நூலில் கைஜஸின் மோதிரக் கதை வருகிறது. அணிந்தால் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகலாம் என்றால் அப்போதும் ஒருவன் நேர்மையாக இருப்பானா? அறிவு, வீறு, ஆசை என்ற மூன்று பகுதிகள் கொண்ட ஆன்மாவில் ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்வதே நீதி. அநீதி என்பது ஆன்மாவின் நோய். மோதிரம் அணிந்தவன் ஊரை ஏமாற்றலாம், நோயை ஏமாற்ற முடியாது என்கிறது நூல். வடிவக் கொள்கைக்கு எதிரான மிகக் கூர்மையான கேள்விகளையும் அவரே 'பார்மனிடீஸ்' உரையாடலில் எழுதி வைத்தார். தன் கோட்டையின் பலவீனமான சுவரைத் தானே காட்டிக் கொடுத்த ஆசிரியர்கள் உலகில் மிகச் சிலர்.

அவருடைய அக்கடெமியில் இருபது ஆண்டுகள் இருந்த அரிஸ்டாட்டில் கி.மு. 335-இல் லைசியத்தில் தனிப் பள்ளி கண்டார். மீன்களையும் பறவைகளையும் அறுத்துப் பார்த்த கை அவருடையது. வடிவம் வேறோர் உலகத்தில் இல்லை, இந்தக் குதிரைக்குள்ளும் இந்த மரத்துக்குள்ளுமே இருக்கிறது என்றார். ஒவ்வோர் உயிருக்கும் தன் இயல்பான நிறைவு ஒன்று உண்டு. மனிதனின் நிறைவு, அறிவோடு கூடிய செயலில் சிறந்து விளங்குவது. நல்வாழ்வு என்று அவர் சொன்னது அதைத்தான். பழகிப் பழகியே ஒருவன் நல்லவனாகிறான். அவருடைய நடுநிலைக் கொள்கையை எல்லாவற்றிலும் பாதி என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். மல்லர் மைலோவுக்குப் போதாத உணவு, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதிகம் என்று அவரே விளக்கியிருக்கிறார். யாரிடம், எப்போது, எவ்வளவு கோபப்பட வேண்டும் என்பதைச் சூத்திரத்தால் சொல்ல முடியாது. விவேகம் முதிர்ந்தவனே கண்டுகொள்வான்.

இதே அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலில் சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று எழுதினார். அடிமைமுறை இயற்கைக்கு விரோதமானது, பலாத்காரத்தால் மட்டுமே நிற்பது என்று சிலர் வாதிடுவதையும் அதே நூலில் குறித்திருக்கிறார். எதிர்வாதம் கையில் இருந்தும் தோற்றார். காலத்தின் குறை என்று சொல்லி இதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. காரணம் காட்ட வேண்டும் என்ற அவருடைய மரபின் அளவுகோலிலேயே அந்த வாதம் தேறவில்லை.

அலெக்சாண்டருக்குப் பின் நகர அரசுகள் பலம் இழந்தன. கி.மு. 306 வாக்கில் எபிகூரஸ் ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கிப் பள்ளி வைத்தார். பெண்களும் அடிமைகளும் அங்கே படித்தார்கள். மிஸ் என்ற அடிமையைத் தன் உயிலில் அவர் விடுதலை செய்தார். அணுக்களும் வெற்றிடமும் மட்டுமே உண்மை என்றால் சாவு என்பது அணுக்களின் பிரிவு, உணர்வின் முடிவு. அஞ்ச அங்கே எதுவுமில்லை. தேவர்கள் இருந்தாலும் நம் விவகாரத்தில் தலையிடுவதில்லை. அச்சம் நீங்கினால் ரொட்டியும் தண்ணீரும் நண்பர்களும் போதும். விருந்துண்ண ஆசை வந்தால் உதவட்டும் என்று நண்பரிடம் ஒரு சிறு பானை பாலாடைக்கட்டி கேட்டு எழுதியவரைத்தான் உலகம் சிற்றின்பப் பிரியர் என்று தூற்றியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்மேற்கிலிருந்த ஓயினோவாண்டா என்ற ஊரில் டயோஜனிஸ் என்ற முதியவர் எபிகூரஸின் போதனைகளை ஒரு பொது மண்டபச் சுவர் நெடுகக் கல்லில் வெட்டுவித்தார். வழிப்போக்கரான அயலாருக்கும் மருந்தாகட்டும் என்று காரணமும் அதிலேயே பொறித்திருக்கிறார். 1884-இல் அதன் துண்டுகள் வெளிப்பட்டன, இன்றும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன.

சைப்ரஸிலிருந்து வந்த ஸீனோ கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸின் ஓவிய மண்டபத்தில் நின்று கற்பித்தார். ஸ்டோவா என்ற அந்த மண்டபத்தால் ஸ்டோயிக் என்ற பெயர் வந்தது. உலகம் முழுவதும் பகுத்தறிவு ஒன்று ஊடுருவியிருக்கிறது, நம் அறிவு அதன் ஒரு துளி. ஆகவே அறம் ஒன்றே நன்மை. செல்வமும் உடல்நலமும் விரும்பத்தக்கவை மட்டுமே. எல்லாம் விதிப்படி என்றால் பொறுப்பு எங்கே? கிரிஸிப்பஸ் ஓர் உருளையைக் காட்டினார். தள்ளிவிடுவது வெளியிலிருந்து வருகிறது, ஆனால் அது உருள்வது தன் வடிவத்தால். அடிமையாக இருந்த எபிக்டீட்டஸின் போதனைகளை ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் இரவல் வாங்கிப் படித்தார், தன் குறிப்புகளில் அதற்கு நன்றியும் எழுதினார்.

ஐயவாதிகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி போதும். கி.மு. 155-இல் ஏதென்ஸின் தூதராக ரோமுக்குப் போன கார்னியாடிஸ் ஒரு நாள் நீதியை ஆதரித்தும் மறுநாள் எதிர்த்தும் பேசினார். ரோமர்கள் நீதியோடு நடப்பதென்றால் வென்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடிசைக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்பது மறுநாள் வாதங்களில் ஒன்று. மூத்த கேட்டோ இந்தத் தூதர்களை விரைவில் அனுப்பிவைக்கத் துடித்ததில் வியப்பில்லை.

கி.பி. 529-இல் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸில் தத்துவம் கற்பிப்பதைத் தடை செய்தார். அங்கிருந்து பாரசீக மன்னரின் அவைக்குப் போனவர்களில் சிம்ப்ளிசியஸ் ஒருவர். அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதும்போது, பழைய நூல்கள் அரிதாகிவிட்டதால் மேற்கோள்களை நீளமாகவே கொடுத்தார். அனாக்ஸிமாண்டரின் அந்த ஒரு வாக்கியமும், பார்மனிடீஸின் பெரும்பகுதியும் நமக்குக் கிடைத்தது அவரால்தான்.

தமிழில் வெ. சாமிநாத சர்மா பிளேட்டோவின் 'குடியரசு' நூலைத் தந்தார். ராஜாஜி மார்க்கஸ் அரேலியஸைத் தந்தார். அவர்கள் ஆங்கிலம் வழியாகச் செய்ததை இனிக் கிரேக்க மூலத்திலிருந்தே செய்ய இளைஞர்கள் முன்வர வேண்டும். பல்கலைக்கழகங்கள் அதற்கு மொழிப் பயிற்சியும் பதிப்பகங்கள் ஆதரவும் தர வேண்டும். இதைப் படிப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 'லாக்கீஸ்' சிறிய நூல், ஒரே மாலையில் படித்து முடிக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து உரக்கப் படித்தால் இன்னும் நல்லது.