ஸ்டீல் கிட்டார் சுமந்த ஆல்பம்

1969 பிப்ரவரியில் வெளிவந்த 'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்', அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 164-ஆவது இடத்தைத் தாண்டவில்லை. லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த 'ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ்' குழுவின் முதல் ஆல்பம் அது. பாடகர் கிராம் பார்சன்ஸ் 1973-இல் 26 வயதிலேயே இறந்துபோனார். அதன் பிறகு இந்த ஆல்பத்தைப் பற்றிய பேச்செல்லாம் அவரைச் சுற்றியே நின்றுவிட்டது. எனக்கு இதில் ஆட்ட நாயகன் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்த 'ஸ்னீக்கி' பீட் கிளைனோதான்.

முதலில் அணியைப் பார்ப்போம். பார்சன்ஸும் கிறிஸ் ஹில்மனும் 'பேர்ட்ஸ்' குழுவிலிருந்து விலகி வந்தவர்கள். பேஸ் கிட்டாருக்கு கிறிஸ் எத்ரிட்ஜ் இருந்தார். நிலையான டிரம்மர் கிடையாது. பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறியது. லீட் கிட்டாருக்கென்று தனி ஆளும் இல்லை. ராக் குழுவில் இது தொடக்க ஆட்டக்காரர் இல்லாமல் களம் இறங்குவது மாதிரி.

அந்த இடத்தில்தான் கிளைனோ இறங்கி ஆடினார். பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம்பிடிக்கும் அனிமேஷன் கலைஞர் அவர். பின்னாளில் 'டெர்மினேட்டர்' படத்திலும் வேலை செய்தார். அவர் வாசித்த பெடல் ஸ்டீல் மேசைபோல் கிடக்கும் வாத்தியம். இடது கையிலுள்ள இரும்புத் துண்டு தந்திகள்மேல் வழுக்கிப் போகும். கால், பெடலை மிதித்து சுருதியை வளைக்கும். கன்ட்ரி பாட்டில் பெரும்பாலும் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மெல்ல விசும்புவதே அதன் வேலை. கிளைனோ அதை, ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பாக்ஸ் வழியே செலுத்தினார். விசும்பல் உறுமலாயிற்று.

முதல் பாட்டான 'கிறிஸ்டின்ஸ் டியூன்' கேளுங்கள். தாளமும் இரட்டைக் குரலும் சுத்தமான கன்ட்ரி. நடுவே கரகரத்துப் பாயும் ஸ்டீல், பாட்டையே வேறு உலகத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. 'ஹாட் புரிட்டோ நம்பர் 2'-இல் அது இன்னும் முரட்டுத்தனமாகப் பாய்கிறது. சைக்கடெலிக் ராக்கின் மயக்கம் முழுவதும் இந்த ஒரே வாத்தியத்திலிருந்துதான் வருகிறது.

அடங்கி வாசிக்கவும் அவருக்குத் தெரியும். 'சின் சிட்டி'யில் பார்சன்ஸும் ஹில்மனும் இணைந்து பாடும்போது ஸ்டீல் அவர்கள் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. அரிதா ஃப்ராங்க்ளின் பாடிப் புகழ்பெற்ற 'டு ரைட் வுமன்' இங்கே ஓர் ஆணின் மன்றாட்டாக மாறுவதற்கும் அந்த நிதானம் துணை நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. டிரம்ஸ் சில பாட்டுகளில் தள்ளாடுகிறது. பேச்சாகவே போகும் கடைசிப் பாட்டு 'ஹிப்பி பாய்' இழுவை. அட்டைப்படத்தில் பார்சன்ஸ் போட்டிருக்கும் தையற்காரர் நூடி கோனின் கடையில் தைத்த கோட்டில் கஞ்சா இலைகள்கூட உண்டு. கன்ட்ரி ரசிகர்களுக்கு அந்தக் கோலம் ஒவ்வாதது. ராக் ரசிகர்களுக்கோ அந்தத் தாளம் பழையது. ஆல்பத்துக்கு இரண்டு கரையிலும் ஒதுங்க இடம் கிடைக்கவில்லை.

அதே அட்டையில் கிளைனோவின் உடுப்பில் பறப்பது டைனோசர் காலத்துப் பறக்கும் பல்லி. ஹெட்போன் மாட்டி முதல் பாட்டை ஓடவிடுங்கள். அந்தப் பல்லியின் சிறகடிப்பு உங்கள் காதில் விழும்.