ஆத்தும சோதனை: யார் யாரைச் சோதிப்பது?

தா.பழூரிலிருந்து கொள்ளிடத்தை ஒட்டி மேற்கே போனால் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டு அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய ஊர். தேம்பாவணியைக் கொண்டாடுகிற நம் புலமை, உபதேசியார்களுக்காக அவர் உரைநடையில் எழுதிய 'வேதியர் ஒழுக்க'த்தை (1727) அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவன் முதலில் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற பிரதி அது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சோதனைக்குள்ளாவது முழங்காலிட்டவர் மட்டுமே. காது கொடுப்பவர் அல்ல. அண்ட்ரிக் அடிகளாரின் தமிழ்ப் பாவசங்கீர்த்தனக் கையேடு 1580லேயே அச்சேறிவிட்டது. பேசவைத்தே தன்னிலையைக் கட்டமைக்கும் அதிகாரம் பற்றி 1976ல் பூக்கோ எழுதியதற்கு நம்மிடமே பழைய சாட்சி இருக்கிறது.

சரி, பாவப் பட்டியலில் சாதி எங்கே? 1623ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் பூணூலையும் குடுமியையும் சமூக அடையாளங்களாக அனுமதித்தார். தாழ்ந்தோரை இகழாதீர் என்று கூடவே புத்திமதியும் சொன்னார். சூட்சுமம் இங்கேதான். உடம்பின் மேல் இருக்கிற சாதி 'வழக்கம்' ஆனது. இகழ்ச்சி மட்டும் மனசுக்குள் இருக்கிற பாவம் ஆனது. மதுரை மிஷனில் குருக்களே பிராமண சந்நியாசி, பண்டாரசாமி என்று பிரிந்து நின்றார்கள். அப்புறம் யாரு யாரைக் கேக்கிறது?

ஆகவே, 'மனசுல வெறுப்பு இருக்கா?' என்று கேட்கும் ஆத்தும சோதனை, 'கல்லறையில் சுவர் இருக்கா?' என்று கேட்பதில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்த சுவர் எந்தத் தனிமனிதரின் பாவம்? ஆளாளுக்கு 'நான் கட்டலை' என்று சுத்த மனசாட்சியோடு நற்கருணை வாங்கலாம். பாமாவின் 'கருக்கு' (1992) இந்தத் திசையை மாற்றியது. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறியவரின் தன்வரலாறு அது. அங்கே தன்னைச் சோதிப்பதும் நிறுவனத்தைச் சோதிப்பதும் ஒரே காரியம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016ல்தான் தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது.

இதை எழுதுவது பாதிரிமார்களுக்காக மட்டுமல்ல. நம் இயக்கங்களின் சுயவிமர்சனமும் இதே தொட்டிதான்: தோழர் மண்டியிடுவார், கமிட்டி காது கொடுக்கும். உபதேசிக்கிறவன் தன்னைப் பார்க்கட்டும் என்ற ஏலாக்குறிச்சிக்காரரின் நிபந்தனையைக் கமிட்டிக்கும் பேராயத்துக்கும் சேர்த்தே வைப்போம். அதற்குப் பிறகு தனிமனிதரின் பாவம் பற்றிப் பேசலாம்.