கன்னியா: ஏழு கிணறும் கேட்கப்படாத கேள்வியும்

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பற்றித் தமிழில் வருகிற பயணக் கட்டுரைகள், காணொளிகளில் பெரும்பாலானவை ஒரே அச்சுதான். இராவணன் ஏழு இடத்தில் குத்தினான், ஏழு ஊற்று வந்தது, குளித்தால் தோல் வியாதி போகும், சோப்பு கொண்டு போகாதீங்க. முடிந்தது. படித்து முடித்ததும் ஒரு கேள்வி அப்படியே நிற்கும்: தண்ணீர் ஏன் சுடுகிறது?

ரிசார்ட் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லணும். நம்ம ஈசிஆர் பக்கத்து நீச்சல்குளம் மாதிரி இறங்கிக் குளிக்கிற இடம் இல்லை இது. ஏழு சின்னச் சதுரக் கிணறுகள். வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே சூடு வேறுபடும். எல்லோரும் இதை 'அதிசயம்' என்று எழுதி முடிக்கிறார்கள். விஷயமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இலங்கையில் உயிருள்ள எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, வேறொரு பிளவு வழியாக மேலே வருகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். சாதாரணக் கிணற்று நீர் 28 டிகிரி, ஊற்று நீர் 40 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் அளவுக்காவது அந்த நீர் கீழே போய் வந்திருக்கணும். வரும் வழியில் ஆறும், மேல்மட்டக் குளிர்ந்த நீரும் கலக்கும் என்பதால் உண்மையான ஆழம் இன்னும் அதிகம். அந்தக் கலப்பு கிணற்றுக்குக் கிணறு மாறினால் சூடும் மாறும்.

செங்கல்பட்டு மலைகளில் இருக்கிற சார்னோகைட் வகைப் பாறை இலங்கையிலும் நிறைய உண்டு. ஆனால் நம்ம கிணறுகளில் வெந்நீர் ஊறுவதில்லை. பாறை மட்டும் போதாது, ஆழமான பிளவும் வேண்டும்.

அறிவியலைச் சொன்னால் கதை செத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. இராவணன் கதையைக்கூட இந்தக் கட்டுரைகள் பாதிதான் சொல்கின்றன. அவன் குத்தியது தாய்க்கு இறுதிக்கடன் செய்ய. அதனால்தான் திருகோணமலைத் தமிழர்கள் இன்றும் அந்தியேட்டிச் சடங்குக்கு அங்கே போகிறார்கள். நமக்கு அது சுற்றுலா இடம், அவர்களுக்குத் துக்கம் கழிக்கிற இடம். இதைச் சொல்லாமல் 'ஜாலியா ஒரு குளியல்' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

சொல்லாமல் விடுவதற்கு விலையும் உண்டு. அந்த இடம் அனுராதபுரக் காலத்துப் பௌத்த மடாலயத்தின் பகுதி என்று தொல்லியல் துறை அறிவிப்புப் பலகை வைத்தது. பழைய பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை கட்டப் போகிறார்கள் என்று 2019 ஜூலையில் தமிழர்கள் போராடினார்கள். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அங்கே பௌத்தச் சின்னங்கள் இருந்திருக்கலாம். அது தனி ஆய்வு. ஒரு வரலாறு மற்றதை அழிக்கணுமா என்பதுதான் கேள்வி.

மாமல்லபுரத்தில் பெரிய பாறைச் சிற்பத்தை ஒருவர் அர்ச்சுனன் தபசு என்கிறார், இன்னொருவர் பகீரதன் தவம் என்கிறார். நடுப்பிளவில் மேலிருந்து தண்ணீர் விட்டிருப்பார்கள் என்பது பகீரதன் கட்சியின் வாதம். இரண்டு பெயரும் சேர்ந்தே புழங்குகின்றன. யாரும் யாரையும் வெளியேற்றவில்லை.

அடுத்து கன்னியா போய் எழுதப் போகிறவர்கள் ஒரு தெர்மாமீட்டர் எடுத்துப் போங்க. ஏழு கிணற்றையும் அளந்து, தேதியோடு எழுதுங்க. சடங்குக்கு வந்த குடும்பம் இருந்தால், கேமராவை மூடிவிட்டு, அவர்கள் பேச விரும்பினால் மட்டும் கேளுங்க. பலகையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதையும் குறித்து வாங்க. நாம் எழுதாமல் விட்டதைத்தான் அந்தப் பலகை தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறது.